யன்னல் சீலைக்கு ஈயம்

இத்தாலியின் பலெர்மோவில் நாங்கள் இருந்த வீட்டுக்குள் சில சொற்களுக்கு இடம் கிடையாது. துவக்கு, வெடி, சன்னம், ஆமி. ஊர்ப் புதினம் கதைக்க வந்த யாராவது வாய் தவறி அதில் ஒன்றைச் சொல்லிவிட்டால், அம்மா எழுந்து போய்த் தேத்தண்ணி போடத் தொடங்கிவிடுவார். விஷயம் தெரியாத ஆட்கள் ஒரே பின்னேரத்தில் மூன்று நான்கு கோப்பை தேத்தண்ணி குடித்துவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டு போனதும் உண்டு.

அப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் அப்பா ஒருநாள் பிஸ்கட் பேணி நிறையத் துவக்குச் சன்னங்களை, அதாவது துப்பாக்கிக் குண்டுகளை, கொண்டுவந்து வைத்தார். அப்பாவைக் குறை சொல்லுவதற்காக இதை நான் எழுதவில்லை. அவர் வாழ்நாளில் சொன்ன பொய்களிலேயே நல்ல மனத்தோடு சொன்ன பொய் அதுதான்.

அப்பா பொலிதேயாமா நாடகசாலைக்குப் பக்கத்தில் ஒரு வயதானவரின் வீட்டில் வேலை செய்தார். கூட்டித் துடைத்து, சமைத்து, அவருக்குச் சப்பாத்து மாட்டிவிட்டு, பின்னேரம் கையைப் பிடித்து உலாத்தக் கூட்டிக்கொண்டு போவார். மனைவியைப் பறிகொடுத்துவிட்டுத் தனியே இருந்த அந்த மனிதரை நாங்கள் சீனியோரே என்றுதான் சொல்லுவோம். போர்கோ வெக்கியோவில் நாங்கள் இருந்த வீடும் அவருடையதே. எங்களைப் போன்ற நிறத்தவர்களுக்கு வீடு கொடுக்க அந்த நாளில் பலரும் பின்னடித்தார்கள். "இப்பத்தான் ஆள் வந்திட்டுது" என்று கதவுக்குப் பின்னால் நின்று சொல்லுவார்கள். சீனியோரே மட்டும் பொல்லை ஊன்றிக்கொண்டு கொமுனே என்கிற நகரசபைக் கந்தோருக்குத் தானே வந்து, இந்தக் குடும்பம் என் வீட்டில்தான் இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்.

அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் காகிதத்தில் வட்டம் கீறி வைத்துச் சுடுவார். காகிதத்தைத் தவிர வேறொன்றையும் அவர் சுட்டதில்லை. கடையில் விற்கிற சன்னம் அவருக்குப் பிடிக்காது. தானே ஈயம் உருக்கி வார்ப்பார். சனிக்கிழமைகளில் அம்மாவுக்கு வேலை என்பதால் நான் அப்பாவோடு அங்கே போய்விடுவேன். கார் சில்லுக் கடையில் வாங்கி வந்த பழைய ஈயத்துண்டுகள் பல்கனியில் ஒரு சட்டிக்குள் உருகிக்கொண்டிருக்கும். நான் கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம்தான் நிற்கவேண்டும். அச்சைத் திறந்ததும் வெள்ளி போல மின்னிக்கொண்டு ஒவ்வொன்றாக மடித்த துவாயில் விழும். நன்றாக வந்ததோடு கொஞ்சிக் கதைப்பார். வடிவாக வராததைத் திட்டி மறுபடியும் சட்டிக்குள் போடுவார். மனிதருக்குக் கதைக்க ஆள் இல்லை என்று அப்பா சொல்லுவார்.

அந்தச் சன்னத்தின் அடியில் ஒரு சின்னச் செம்புத் தொப்பி போடவேண்டும். வெடிக்கும்போது வருகிற சூடான காற்று ஈயத்தின் அடியை உருக்கிவிடும், அதைத் தடுக்கத்தான் தொப்பி. தொப்பிகள் தபாலில் வரும், அவர் பெருவிரலால் அழுத்திப் போட்டுவிடுவார். ஆனால் அந்த முறை வந்தவை ஒரு மயிரிழை சின்னனாகப் போய்விட்டன. அழுத்தினால் ஒரு பக்கம் ஏறும், மறுபக்கம் தூக்கும், ஈயத்தைச் சுரண்டிக்கொண்டு சரிந்து நிற்கும். அவருடைய விரல்களோ வாதத்தில் இஞ்சிக்கிழங்கு போல வீங்கியிருந்தன. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒன்றை வைத்து அழுத்தினார், முடியவில்லை. இன்னொன்றை எடுத்தார், அதுவும் முடியவில்லை. பையின் வாயைச் சுருட்டி வைத்துவிட்டு, இதோடு விட்டுவிடுகிறேன், வயது வந்துவிட்டது என்று சிரித்துக்கொண்டு சொன்னார். அப்பாவுக்கு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. யாரும் கேட்காமலேயே பேணியையும் பையையும் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வருகிற வழியில்தான் அவருக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. சந்தைக்குள் மீன்கடைக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

"பிள்ளை, இது என்னெண்டு அம்மாவுக்குச் சொல்லாதை."

"பொய் சொல்லுறதோ?"

"பொய்யில்லை. யன்னல் கேட்டின் பறக்காமல் இருக்க அடியிலை ஈயம் வைச்சுத் தைப்பினம் எல்லே. அது எண்டு சொல்லுவம்."

பொலிதேயாமாப் பக்கத்து வீடுகளின் பெரிய யன்னல்களில் நிலம் வரைக்கும் தொங்குகிற திரைச்சீலைகளின் அடிமடிப்பில் உண்மையாகவே ஈயக்கட்டிகள் வைத்துத் தைத்திருப்பார்கள். அப்பா அவற்றைக் கழற்றித் தோய்த்து மாட்டுகிறவர். ஆகவே பொய்யாக இருந்தாலும் அது அவர் தொழிலறிந்து சொன்ன பொய். எனக்கு எட்டு வயது. அப்பாவும் நானும் மட்டும் அறிந்த ஒரு இரகசியம் கிடைத்ததில் எனக்கு நிலத்தில் கால் பாவவில்லை.

அம்மா பேணியைத் திறந்து பார்த்தார். தொப்பி சரிந்து நின்ற ஒன்றை எடுத்து விரல்களுக்கு நடுவில் உருட்டினார். பிறகு வைத்துவிட்டார்.

"கேட்டினுக்குத் தைக்கிற ஈயத்துக்கு ஏன் செம்பிலை தொப்பி?"

"ஈயம் துணியைக் கறுப்பாக்கிப்போடும்."

"அடியிலை மட்டும் போட்டால் மேலை கறுக்காதோ?"

அப்பா பேணியை மூடினார். "இத்தாலிக்காரற்றை முறை அப்பிடி" என்றார்.

"ஓம் ஓம்" என்று அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிவிட்டார். அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நானும் கண்ணடித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்துவிட்ட பெருமை எங்கள் இரண்டு பேருக்கும்.

அந்த நாட்களில் வீட்டில் இன்னொரு காத்திருப்பும் இருந்தது. நாங்கள் அந்த வீட்டில்தான் குடியிருக்கிறோம் என்று பதிவு செய்யவேண்டும், அதற்குப் பெயர் ரெசிதென்சா. அது இருந்தால்தான் நாட்டில் தங்குகிற அனுமதியான அப்பாவின் பெர்மெசோவைப் புதுப்பிக்கலாம். அது இல்லாமல் போனால் அப்பாவோடு சேர்த்து அம்மாவினதும் என்னுடையதும் இருப்பும் ஆட்டம் காணும். பதிவதற்கு முதல், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நகரக் காவலர் வந்து பார்த்துவிட்டுப் போவார். அவரை விஜிலே என்பார்கள். முதல்முறை அவர் வந்த நேரம் அப்பாவும் அம்மாவும் வேலையில், நான் பள்ளிக்கூடத்தில். கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, இங்கே யாரும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சீனியோரே மறுபடியும் பொல்லோடு கொமுனேக்குப் போய்க் கதைத்து இரண்டாம் தடவைக்கு வழி செய்தார். இந்த முறையும் பிழைத்தால் பெர்மெசோ முடிகிற திகதிக்குள் வேறு வழியில்லை என்று அப்பா அம்மாவிடம் சொல்லுவது எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு அம்மா பின்னேர வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தார். படியில் யாராவது ஏறினால் சீலையைச் சரிசெய்துகொண்டு கதவடிக்குப் போவார்.

வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு அந்த ஊரில் வியாழன் பின்னேரமும் ஞாயிறும் ஓய்வு. அந்த ஓய்வில் அப்பா மேசையில் கடதாசி விரித்துத் தொப்பி போடுவார். பெருவிரல் நுனி சிவந்து தோல் உரிந்தது. அரைமணி நேரம் மல்லுக்கட்டினால் ஒரு கைப்பிடி தேறும். அம்மா இரண்டு கிழமை தள்ளி நின்று பார்த்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கை துடைத்துக்கொண்டு வந்து அப்பாவுக்கு எதிரே இருந்தார்.

"தாங்கோ இஞ்சை. உங்கடை விரலைப் பாத்துக்கொண்டு நான் சோறு தின்னேலாது."

அம்மாவுக்கும் அது மசியவில்லை. நான் பக்கத்தில் நிலத்தில் இருந்து செம்புத் தொப்பிகளை வரிசையாக வைத்து, சட்டிபானை என்று விளையாடிக்கொண்டிருந்தேன். சட்டிக்கு மூடி வேண்டும் என்று நான் உருட்டி விளையாடுகிற கண்ணாடிப் போளையை ஒன்றின் வாயில் வைத்துக் கையால் அமத்தித் திருகினேன். அம்மா அதைத்தான் அடுத்ததாக எடுத்தார். அது சறுக்காமல், சரியாமல், நேராகப் போய் இருந்தது. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு போளையைப் பார்த்தார். தொப்பியின் வாயைப் போளை ஒரு இம்மி விரித்துவிட்டிருந்தது, அவ்வளவுதான். அதன் பிறகு என் போளை எனக்குத் திரும்பி வரவில்லை. நான் போளையால் வாயை விரிப்பேன், அப்பா தொப்பியைக் கொளுவிக் கொடுப்பார், அம்மா அதைப் பலகையில் நிமிர்த்தி வைத்து உள்ளங்கையால் ஒரு அமத்து அமத்துவார். முடிந்ததும் மூன்று பேரும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவவேண்டும், அது அம்மாவின் சட்டம். நாங்கள் மூவரும் ஒரே மேசையில் ஒன்றாக இருந்து செய்த வேலை என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அதுதான் ஞாபகம் வரும்.

பேணி முடிகிற தறுவாயில் ஒரு வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமைப் படையலுக்கு அம்மா ஒரு பெரிய சட்டியில் கொண்டைக்கடலை ஊறப் போட்டிருந்தார். படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. பிறகு மூச்சு வாங்குகிற ஒரு ஆண்குரல், விஜிலே என்றது.

அப்பா கையில் ஒரு சன்னத்தோடு அப்படியே விறைத்துப்போய் இருந்தார். எத்தனை கிழமையாக இந்த ஒரு ஆளைத்தானே பார்த்திருந்தோம், ஓடிப்போய்க் கதவைத் திறக்கவேண்டியதுதானே என்று எனக்கு இருந்தது. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். அப்பாவின் கனம் மேசையிலேயே பரவிக் கிடந்தது. எழும்பியது அம்மாதான். கடதாசியை நான்கு மூலையிலும் சேர்த்துத் தூக்கி, அப்பாவின் கையில் இருந்ததையும் பிடுங்கிச் சேர்த்து, அத்தனையையும் கடலைச் சட்டிக்குள் கொட்டினார். ஈயம் ஒரு சத்தத்தோடு அடியில் போய் இருந்தது. கையை விட்டு ஒரு கிளறு கிளறினார், மேலே வெறும் கடலை. செம்புத் தொப்பிப் பையை என்னிடம் தந்து, "இதுக்கு மேலை இரு" என்றார். நான் இருந்தேன். கேட்டின் ஈயத்தை எதற்கு இப்படி ஒளிக்கவேண்டும் என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. விருந்தாளி வந்தால் மேசையைத் துப்புரவாக்கத்தானே வேண்டும் என்று நானே சமாதானமும் செய்துகொண்டேன்.

விஜிலே பெரிய வயிறும் நரைத்த மீசையும் உள்ள மனிதர். கையில் இருந்த தாளைப் பார்த்து எங்கள் பெயர்களை அவருக்கு வந்த மாதிரி வாசித்தார். கட்டிலைப் பார்த்தார், உடுப்பு அலுமாரியைப் பார்த்தார், பல் துலக்கும் தூரிகைகளைப் பார்த்தார். பிள்ளை எங்கே படுக்கிறது என்று கேட்டார். அத்தோடு எழுதிவிட்டுப் போயிருப்பார். ஆனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறதே. வீட்டு வாசலைத் தாண்டி வந்தவரை ஒரு வாய் சாப்பிடாமல் அனுப்ப மனம் வராது, அவர் எமனே ஆனாலும். அப்பாவின் மூளை என்ன நினைத்ததோ, அவருடைய வாய் தன்பாட்டில் இத்தாலியனில் சொல்லிவிட்டது, இருங்கள், ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று. அம்மா அப்பாவைப் பார்த்த பார்வையில் அந்தக் கடலை வெந்திருக்கும்.

பலெர்மோக்காரரிடம் சாப்பாட்டுக் கதை எடுக்கக்கூடாது. விஜிலே உடனே முகம் மலர்ந்து அடுப்படிப் பக்கம் திரும்பினார். கடலையைக் கண்டார். என்னுடைய அம்மாவும் இப்படித்தான் ஊறப்போடுவார் என்றார். ஊறிவிட்டதா பார்ப்போம் என்று, யாரும் தடுக்க முதல், கையை மணிக்கட்டு வரைக்கும் சட்டிக்குள் விட்டு ஒரு பிடி அள்ளினார்.

விரல்களை விரித்தபோது கடலைகளுக்கு நடுவில் ஒரு சன்னம் கிடந்தது. அடியில் செம்புத் தொப்பி பளபளவென்று இருந்தது.

என்ன இது என்று அவர் அப்பாவைக் கேட்டார். அப்பாவின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

அம்மாவுக்கு அப்போது இத்தாலியன் அரைகுறை. யூனிபோம் போட்ட ஆட்களைக் கண்டால் றோட்டின் மறுகரைக்குப் போகிறவர். அந்த அம்மா அப்பாவுக்கும் விஜிலேக்கும் நடுவில் வந்து நின்றார். தலையை நிமிர்த்தி, அவருடைய கண்ணைப் பார்த்து, "தெந்தா" என்றார். திரைச்சீலை. பிறகு "பேசோ" என்றார். பாரம். கையை நீட்டி யன்னலைக் காட்டினார்.

யன்னலில் இருந்தது திரைச்சீலையே இல்லை, அம்மாவின் பழைய அரக்குச் சீலை. கயிற்றில் கொளுவியிருந்தது. துறைமுகப் பக்கத்துக் காற்றுக்கு அது அறைக்குள் பாதித் தூரம் பறந்து வந்து, திரும்பி வெளியே போய், மறுபடியும் வந்தது. விஜிலே அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையில் இருந்த தாளைப் பார்த்தார். அதில் வீட்டுச் சொந்தக்காரரின் பெயர் இருந்தது. சீனியோரே பல்கனியில் ஈயம் உருக்குவது அந்தப் பக்கம் முழுக்கத் தெரிந்த கதை. மீசைக்குள் ஏதோ அசைந்தது.

சன்னத்தைத் தன் கைலேஞ்சியால் துடைத்து மேசையில் நிமிர்த்தி வைத்தார். ஈயம் கிடந்த தண்ணீரில் பிள்ளைக்குச் சமைக்கவேண்டாம், இந்தக் கடலையைக் கொட்டிவிடுங்கள் சினியோரா, என்றார். அதைச் சொன்னபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை. பிறகு, ஆமாம், அந்தச் சீலைக்குப் பாரம் வேண்டித்தான் இருக்கிறது என்று சொல்லி, தாளில் எழுதவேண்டியதை எழுதினார். அம்மா கொடுத்த தேத்தண்ணியை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் போனார்.

படியில் சப்பாத்துச் சத்தம் முடிந்தது. அம்மா கடலையைக் கொட்டினார். சன்னங்களை ஒவ்வொன்றாகக் கழுவித் துவாயில் போட்டுத் துடைத்தார். துடைத்ததையே எடுத்து மறுபடியும் துடைத்தார். ஈரம் போகவில்லையாக்கும் என்று நான் நினைத்தேன்.

"நீர்..." என்று அப்பா தொடங்கினார். "இது என்னெண்டு உமக்கு..."

அம்மா எழுந்து போய் மறுபடியும் தேத்தண்ணி போடத் தொடங்கினார். அங்கிருந்தபடியே சொன்னார்:

"மிச்சத்துக்கும் தொப்பியைப் போட்டு முடியுங்கோ. சீனியோரே பாவம், பாத்துக்கொண்டிருக்கும்."

ரெசிதென்சா கிடைத்தது. பெர்மெசோவும் புதுப்பித்து வந்தது. நான் அந்த ஊரில் படித்தேன், ஆளானேன், இன்றைக்கு ஒரு கடதாசிக்கும் பயப்படாமல் இருக்கிறேன். அந்த விஜிலேயின் பெயர் எனக்குத் தெரியாது. கேட்கவேண்டிய கேள்விகள் எல்லாவற்றையும் தேத்தண்ணியோடு விழுங்கிவிட்டுப் போன அந்த மனிதரை நினைத்தால் எனக்குக் கை கூப்பத்தான் தோன்றும். சீனியோரேயும் மறுபடி மைதானத்துக்குப் போனார். முதல் தடவை சுட்ட காகிதத்தை அப்பாவிடம் கொடுத்து எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். ஓட்டைகள் எல்லாம் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நடுவில் இருந்தன. அது நெடுநாள் என் பள்ளிக்கூடப் புத்தகத்துக்குள் இருந்தது.

அம்மாவின் பழைய கதை ஒன்றை அவருடைய அக்கா, என் பெரியம்மா, எனக்குச் சொன்னது எத்தனையோ வருடம் கழித்து, ஒரு கலியாண வீட்டில், பலகாரம் அடுக்கிக்கொண்டிருக்கும்போது. ஊரில் அவர்கள் வீட்டுக்கு ஒருநாள் ஆமி தேடுதலுக்கு வந்ததாம். ஒழுங்கையில் பொறுக்கிய வெற்றுத் தோட்டாக் கோதுகளை வீட்டின் கடைசிப் பொடியன் விளையாடக் கொண்டுவந்து வைத்திருந்தானாம். அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, என்ன இது என்று கேட்டார்களாம். அம்மாவின் அப்பா, என் அம்மப்பா, கிணற்றடியில். வாசலில் நின்றது அம்மாதான், அப்போது பள்ளிக்கூடம் போகிற பெட்டை.

"உன்ரை கொம்மாவுக்கு வாய் வரேல்லை. சின்னவன் விளையாடக் கொண்டந்தது எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். வரேல்லை. எங்கடை அப்புவைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்" என்றார் பெரியம்மா.

அம்மப்பா திரும்பி வந்தாராம். ஆனால் ஒரு காது கேட்காது, முன்னைப்போல யாரோடும் கதைப்பதும் இல்லை. சன்னமும் கோதும் எப்படி இருக்கும் என்று அம்மாவுக்கு யாரும் சொல்லித் தரவேண்டி இருக்கவில்லை. பேணியைத் திறந்து ஒன்றை விரலில் உருட்டிய அந்த நிமிடமே அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அப்பாவின் பொய்யை அப்பாவுக்காகக் காப்பாற்றினார், வீடு தந்த மனிதருக்காக உள்ளங்கையால் அமத்தினார், எங்களுக்காக அந்த வாசலில் ஒரு சொல்லுச் சொன்னார்.

இதெல்லாம் பிறகு. அந்த நாட்களில் நடந்தது இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா அப்பாவிடம் சொன்னார், "சீனியோரேட்டை வடிவா வராத ஈயம் ஏதும் கிடந்தால் கொஞ்சம் கேட்டுக்கொண்டு வாங்கோ. அந்த விஜிலேக்கு நான் சொன்னது பொய்யாப் போகக்கூடாது." அப்பா ஒரு கைப்பிடி கொண்டுவந்தார். மூக்குச் சப்பையானது, இடுப்பில் பள்ளம் விழுந்தது, தொப்பி போடாதது. அம்மா அரக்குச் சீலையைக் கழற்றி மடியில் போட்டு, கரையை மடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் பை மாதிரி விட்டுத் தைத்தார். நான் பக்கத்தில் இருந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன். தைத்து முடித்துக் கயிற்றில் கொளுவியதும் காற்று வந்தது. சீலை ஒருமுறை வயிறு ஊதிப் பார்த்துவிட்டு, நேராக விழுந்து நின்றது.

அம்மா அதையே பார்த்துக்கொண்டு இருந்தார். ஐயோ பாவம், இவ்வளவு நடந்தும் அம்மா இன்னும் அதைக் கேட்டின் ஈயம் என்றே நம்பிக்கொண்டிருக்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

அப்பா திருப்பிக் கண்ணடிக்கவில்லை. அவர் அம்மாவின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளையாட்டை மறந்துவிட்டாராக்கும் என்று நினைத்து, நான் இன்னொரு முறை கண்ணடித்தேன்.